யானைக்குக் கீழே பதினெட்டு வருடம்

வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமத்தில், நண்பனின் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் உளறிய ஒரு கதை மூன்று வருடமாக என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. கதை புதிதில்லை. அப்பத்தா சொன்னதுதான்; மதுரைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொன்ன இடம்தான் தப்பு. அந்த வீட்டில் சாயங்காலம் ஐந்தரைக்கே இலை போட்டுவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள் என்று நண்பன் முன்பே சொல்லியிருந்தான். ஏன் என்று கேட்டுக்கொள்ளத்தான் எனக்குத் தோன்றவில்லை. கை கழுவிவிட்டு வந்ததும் மாமா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபதைத் தாண்டியவர், "தம்பிக்கு மதுரையில எந்தப் பக்கம்?" என்றார். ஒத்தக்கடை என்றேன். "யானைமலை அடிவாரமா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர்க்கதை கேட்க ஆசைப்படுகிறார் போல என்று நினைத்து ஆரம்பித்துவிட்டேன்.

சமணர்கள் கூடி வேள்வி வளர்த்தது, தீயிலிருந்து மலை மாதிரி ஒரு யானை எழுந்து மதுரையை மிதிக்க வந்தது, சொக்கநாதர் வேடனாக வந்து பதினாறு கால் அட்டாலை மண்டபத்தில் ஏறி நின்று நரசிங்க அம்பை விட்டது, யானை அப்படியே சுருண்டு கல்லானது, அம்பு போய் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளாக உட்கார்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கதை சொல்கிறவனுக்கு வரும் உற்சாகத்தில், "அப்புறம் சம்பந்தர் வந்தாரு, எல்லாரையும் கழுவுல ஏத்துனாங்க, அதோட மதுரையில சமணமே இல்லாம ஆயிருச்சுங்கய்யா" என்று முடித்தேன். நண்பன் என் தொடையில் கிள்ளினான். அவர் சிரித்தார். "நாங்க நயினாருங்க தம்பி. தமிழ்ச் சமணம்."

எனக்கு முகம் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை என்பது இன்னும் சங்கடமாக இருந்தது. வாத்தியார் பையனிடம் கேட்பதுபோல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த யானை மேல ஏறிப் பாத்திருக்கீங்களா?" பிறந்து பதினெட்டு வயது வரை அந்த மலையின் நிழலில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் போகும்போது இடது பக்கம் மலை, திரும்பும்போது வலது பக்கம் மலை. ஏறியதில்லை. "இல்லீங்கய்யா." "நானும் பாத்ததில்ல. ஆனா தெனம் சொல்றேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெண்பாவைச் சொன்னார்:

பரங்குன் றொருவகம் பப்பாரம் பள்ளி
அருங்குன்றம் பேராந்தை யானை – இருங்குன்றம்
என்றெட்டு வெற்பும் எடுத்தியம்ப வல்லார்க்குச்
சென்றெட்டு மோபிறவித் தீங்கு.

மதுரையைச் சுற்றிய எட்டு மலைகளின் பெயர். அவற்றை வாயால் சொன்னாலே பிறவித் துன்பம் கிட்ட வராது என்கிறது பாட்டு. என் வீட்டுக் கொல்லையில் நின்றால் தெரிகிற மலை, முந்நூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிழவரின் அன்றாட மந்திரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர் பார்த்ததே இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒன்றும் தெரியாது. ஊர் திரும்பும் பேருந்தில் தூக்கம் வரவில்லை.

அப்பத்தாவின் யானை

அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்ன மாதிரி அந்தக் கதையை இனி யாரும் சொல்லப்போவதில்லை. "யானையை ஏவுனது யாரு?" என்று கேட்டால் "சமணங்கடா" என்பாள். "சமணங்கன்னா யாரு?" "அவங்க இப்ப இல்ல." பேய்க்கதையில் வரும் ராட்சசன் மாதிரி, இப்போது இல்லாதவர்கள் என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. யானை மட்டுமா? மேற்கே நாகமலை இருக்கிறதே, அது சமணர்கள் ஏவிய பாம்பு. பசுமலை, அவர்கள் ஏவிய மாயப்பசு. திருவிளையாடற் புராணத்தில் மூன்றுக்கும் தனித்தனிப் படலம் உண்டு. ஊரைச் சுற்றி இருக்கிற மூன்று மலைக்கும் மூன்று மிருகம், மூன்றையும் அனுப்பியது ஒரே எதிரி, மூன்றையும் முறியடித்தது ஒரே சாமி. பேருந்தில் ஜன்னலோரம் உட்காரும் பையனுக்கு இதைவிட நல்ல நிலவியல் பாடம் கிடைக்காது.

ஆனால் வந்தவாசியிலிருந்து திரும்பிய பிறகு அந்தக் கதை எனக்குள் பழைய மாதிரி உட்காரவில்லை. ஒரு சின்ன உறுத்தல். மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் ரோட்டில் வரும் எவனுக்கும் அந்த மலை யானையாகத்தான் தெரியும். ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை, செடிகொடி அதிகம் இல்லாத வழவழத்த முதுகு, ஒரு பக்கம் சரிந்து இறங்கும் துதிக்கை. புராணம் படித்துத்தான் யானை என்று சொல்ல வேண்டும் என்பதில்லை. அப்படியானால் பெயர் முதலில் வந்ததா, கதை முதலில் வந்ததா? கேள்வி சிறியதுதான். ஆனால் கதை பின்னால் வந்தது என்றால், மலையின் பெயருக்குள் வேறு யாரோ முன்னாலேயே குடியிருந்திருக்கிறார்கள் என்று ஆகிவிடும்.

சம்பந்தர் பதிகத்தைப் புரட்டினேன். ஏழாம் நூற்றாண்டு. பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியைப் பார்த்து, சின்னப் பையன் என்று என்னைப் பற்றிக் கவலைப்படாதே என்று தைரியம் சொல்கிற பதிகம். "ஆனைமாமலை ஆதியாய இடங்களிற் பல அல்லல்சேர் ஈனர்கட்கு எளியேன் அலேன்" என்கிறார். சமணர் இருந்த மலைகளில் முதலாவதாக எங்கள் மலையைத்தான் எடுக்கிறார். இந்த வரியைப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வசவு மட்டும் காதில் விழுந்தது. இப்போது படித்தால் வேறு ஒன்று தெரிகிறது: அரசியே பயப்படுகிற அளவுக்கு அந்த மலையில் இருந்தவர்களுக்குச் செல்வாக்கு இருந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த அடியில் மலையின் பெயர் ஏற்கெனவே ஆனைமாமலை. அதை யார் ஏவினார்கள் என்ற பேச்சே அங்கே இல்லை. திருவிளையாடற் புராணம் எழுதிய பரஞ்சோதியார் அந்த யானைப் படலத்தைப் பாடியது இதற்குப் பல நூற்றாண்டு கழித்து.

இடையில் ஒரு விஷயம். மாசிப் பௌர்ணமிக்குத் திருமோகூர்க் காளமேகப் பெருமாள் புறப்பட்டு நரசிங்கத்துக்கு வருவார். குளத்தில் கஜேந்திர மோட்சம் நடக்கும். முதலை கவ்விய யானையைப் பெருமாள் காப்பாற்றுகிற திருவிழா. சின்ன வயதில் ராட்டினத்துக்கும் சீனிமிட்டாய்க்கும் போயிருக்கிறேன். சைவர்கள் கதையில் சாமி அம்பு விட்டு யானையைக் கொன்ற அதே மலையடியில், வைணவர்கள் வருடா வருடம் ஒரு யானையைக் காப்பாற்றுகிறார்கள் என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்கு உறைத்தது. திருமோகூரும் லேசுப்பட்ட ஊரில்லை. தன்னைப் பணியாத மோகூர் மேல் மோரியர் (மௌரியர்) வந்த கதை அகநானூற்றிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பஸ் கண்டக்டர் கத்துகிற ஸ்டாப்பிங் பெயரில் பாதி சங்கப் பாட்டில் வருவதுதான்.

ஏறினேன்

மூன்று வருடம் தள்ளிப்போட்டு, போன தை மாதம் ஏறினேன். ஒத்தக்கடையிலிருந்து நரசிங்கத்துக்கு ஷேர் ஆட்டோ. முதலில் கோயிலுக்குள் போனேன். வெளியே இருப்பதெல்லாம் பின்னால் கட்டியது. கருவறை மலையைக் குடைந்தது. உள்ளே யோக நரசிங்கர் பெரிய உருவம். எண்ணெய்ப் பிசுக்கும் துளசி வாசமும் கலந்த அந்த இருட்டில் சின்ன வயதில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். எழுத்து இருக்கிறது என்று தெரியாது. இந்தத் தடவை கைபேசியில் கல்வெட்டின் அச்சுப் பாடத்தை வைத்துக்கொண்டு போனேன்.

கிரந்த எழுத்தில் ஒரு வடமொழிக் கல்வெட்டு, வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு. கலியுகம் 3871 என்று ஆண்டு சொல்கிறது; அதாவது பொது ஆண்டு 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனுடைய உத்தரமந்திரி, அதாவது முதன்மை அமைச்சர், மாறன் காரி, களக்குடி வைத்தியர் குலம், இந்தக் கற்றளியைக் குடைவித்தார். குடமுழுக்குச் செய்வதற்குள் இறந்துவிட்டார். தமிழ்க் கல்வெட்டு இதைச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது: "நீர்த்தெளியாதேய் ஸ்வர்க்காரோஹணஞ் செய்தபின்னை." தண்ணீர் தெளிக்காமலேயே போய்விட்டான். பிறகு தம்பி மாறன் எயினன் அதே உத்தரமந்திரிப் பதவிக்கு வந்து, முகமண்டபம் கட்டி நீர் தெளித்தான். அரசாங்க ஆவணம்தான். ஆனால் "தெளியாதேய்" என்ற அந்த ஏகாரத்தில் ஒரு பெருமூச்சு கேட்கிறது. எங்கள் பெரியப்பா புது வீட்டுக்கு நிலைவாசல் வைத்த மறுமாதம் போய்ச் சேர்ந்தார். பால் காய்ச்சியது அப்பாதான். அன்றைக்கு அப்பா முகம் இருந்த மாதிரி மாறன் எயினன் முகமும் இருந்திருக்கும்.

அந்தக் குடைவரையோடு பிராமணர்களுக்கு அக்கிரகாரமும் கொடுக்கப்பட்டது. நரசிங்கம் என்று இன்று பலகை தொங்கும் ஊர், கல்வெட்டுகளில் நரசிங்கமங்கலம். அதை ஆண்டது ஒரு சபை. இந்தச் சபையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே மறுபடி வரும்.

கோயிலுக்கு வெளியே வந்து படிக்கட்டு. காவலுக்கு இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணி வச்சிருக்கீகளா? வெயிலுக்கு முன்னாடி எறங்கிருங்க" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். ஒத்தக்கடை என்றதும், "இத்தன வருசம் கழிச்சா வாறீக?" ஒரு கேள்வியை இரண்டு ஊரில் இரண்டு கிழவர்கள் கேட்டுவிட்டார்கள். 2010இல் இந்த மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, அடிவார ஊர்க்காரர்கள் மறித்து நின்றார்களே, அதில் அவரும் இருந்தாராம். "எங்க சாமிய வெட்ட விட்ருவமா?" என்றார். திட்டம் கைவிடப்பட்டது. அதன் சூட்டில்தான் பசுமை நடை தொடங்கி, ஆயிரக்கணக்கான பேரை மதுரை மலைகளுக்குக் கூட்டிப்போனது. நான் அப்போது சென்னையில் உட்கார்ந்து செய்தித்தாளில் படித்து, "அட நம்ம ஊரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்பியவன்.

மேலே பெரிய உருண்டைப் பாறை ஒன்றின் முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், சமணர்கள் வணங்கும் ஞானிகள். எதிர்பார்த்ததைவிடச் சின்னவை. தலைக்குமேல் நாகம் படமெடுத்த பார்சுவநாதர். கொடி காலில் சுற்றி ஏறுகிறதைக்கூட உணராமல் நிற்கும் பாகுபலி. இயக்கி அம்பிகை. சில உருவங்களில் சுண்ணாம்புச் சாந்தும் அதன்மேல் பூசிய வண்ணமும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கல் நிறத்திலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்புத் தீற்றல் ஒரு மாதிரி இருந்தது. நேற்று வரை யாரோ பூசிவிட்டுப் போன மாதிரி. ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே, பக்கத்தில், வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி.

ரட்சை

வட்டெழுத்து எனக்குப் படிக்க வராது. அச்சுப் பாடத்தை ஒரு கையிலும் பாறையை ஒரு கண்ணிலும் வைத்துக்கொண்டு, இது "அ", இது "ச்" என்று எழுத்துக் கூட்டினேன். அச்சணந்தி. மதுரை மலைகளில் சுற்றுகிறவர்களுக்குத் தெரிந்த பெயர். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுவாக்கில் வாழ்ந்த சமணத் துறவி. அழகர்மலை, கீழக்குயில்குடி, கொங்கர்புளியங்குளம், உத்தமபாளையம், ஐவர்மலை என்று போகிற இடமெல்லாம் சிற்பம் செய்வித்துப் பெயரை விட்டுப்போயிருக்கிறார். கீழக்குயில்குடிப் பேச்சிப்பள்ளத்தில் அவருடைய அம்மா குணமதியார் பெயரும் இருக்கிறது. துறவியின் அம்மா பெயர் கல்லில் நிற்பது அபூர்வம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. அச்சணந்தி அதற்கு இருநூறு வருடமாவது பிந்தியவர். "அதோட மதுரையில சமணமே இல்லாம ஆயிருச்சுங்கய்யா" என்று திண்ணையில் நான் முடித்து வைத்த கதைக்கு இருநூறு வருடம் அப்புறம், சம்பந்தர் பெயர் சொல்லித் திட்டிய அதே மலையில், ஒரு சமண முனிவர் கல்தச்சனைக் கூட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். அவர் மட்டும் இல்லை. 870இல் ஐவர்மலையில் பார்சுவநாதர் உருவத்தைப் புதுப்பித்து ஐந்நூற்றைந்து காணம் பொன் கொடுத்திருக்கிறார்கள். சித்தன்னவாசலில் அறிவர் கோயிலைப் புதுக்கியவர், அதே ஒன்பதாம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்கிற மதுரை ஆசிரியர். மதுரை என்று ஊர்ப்பெயரோடுதான் அவர் தன்னை எழுதிக்கொள்கிறார்.

ஆனால் என்னை அந்தப் பாறை முன் உட்கார வைத்தது அச்சணந்தி பெயர் இல்லை. அதற்கடுத்த சொற்கள். ஒரு திருமேனி பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அச்சணந்தி செய்வித்தது, "நரசிங்கமங்கலத்துச் சபையார் ரட்சை." அச்சுப் பாடத்தை மூன்று தடவை படித்தேன். கீழே நான் கும்பிட்டுவிட்டு வந்த நரசிங்கர் பெயரில் இருக்கிற ஊர். அவருக்கென்று வந்த அக்கிரகாரத்துச் சபை. அந்தச் சபைதான் மேலே இருக்கும் சமணத் திருமேனிக்குப் பாதுகாப்பு.

எங்கள் தாத்தா கர்ணம், ஊர்க் கணக்குப்பிள்ளை. அதாவது, கரணம். 1980இல் எம்ஜிஆர் அரசு கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது வேலை போனது. எனக்கு அப்போது நாலு வயது. அதற்குப் பிறகும் பத்துப் பதினைந்து வருடம் அடங்கல் நோட்டுகளைத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு, யார் வந்து எந்த சர்வே நம்பர் கேட்டாலும் வாயாலேயே சொல்வார். அப்பத்தா பக்தியில் நாயன்மார் கதை சொல்லும்போது அவர் பக்கத்துத் திண்ணையில் மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, "கதையெல்லாம் கெடக்கட்டும், கணக்கு எங்க?" என்று சீண்டுவார். பாறையில் "கரணத்தார்" என்ற சொல்லை விரல் வைத்துத் தேடியபோது அவர்தான் ஞாபகம் வந்தார். பாண்டிய நாட்டுக் கணக்கெழுதிகள் சேர்ந்து, தங்கள் பெயரில் ஒரு தீர்த்தங்கரரைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சமணர்களா, ஒன்றிரண்டு பேர்தானா, மேலதிகாரி சொன்னதால் கையெழுத்துப் போட்டார்களா, கல் ஒன்றும் சொல்லவில்லை.

கீழே இறங்கி வந்து நண்பனிடம் போனில் சொன்னபோது அவன் உடனே, "பாத்தியா, எல்லாரும் ஒத்துமையாத்தான் இருந்திருக்காங்க" என்றான். அவ்வளவு சுலபமாக எனக்கு வரவில்லை. சம்பந்தர் பாட்டில் இருக்கிற சூடு பொய்யில்லை. அனல்வாதம், புனல்வாதம் என்று ஊரே இரண்டுபட்டு நின்ற ஞாபகம்தான் இன்று வரை திருவிழாவாக நடக்கிறது. கழுவேற்றக் கதையின் எண்ணாயிரம் பின்னால் வந்தவர்கள் பாடியது என்றாலும், அப்படி ஒரு கதையை ஆசையாகக் கேட்கிற மனசு இந்த ஊரில் இருந்தது, அதில் என் மனசும் ஒன்று. அதனால் "ரட்சை" என்ற சொல்லைப் பாசம் என்று மொழிபெயர்க்க நான் தயாரில்லை. தாத்தா பாஷையில் சொன்னால் அது பொறுப்பு. இந்தத் திருமேனிக்கு ஒரு கேடு வந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு எழுதி வைத்த பதில். சபையார் அதற்குப் பொன் வாங்கியிருக்கலாம், அரசாங்க அலுவலர் பெயர் இருப்பதால் மறுக்க முடியாமல் ஏற்றிருக்கலாம், அல்லது ஊர் எல்லைக்குள் இருக்கிறது, யாராவது பார்க்கத்தானே வேண்டும் என்று சாதாரணமாகத் தலையாட்டியிருக்கலாம். எனக்கு மூன்றாவது பிடிக்கிறது, ஆதாரம் கிடையாது.

ஒத்துமை என்று நண்பன் சொன்னதைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிடித்தவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வதில் என்ன அதிசயம்? சபையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்காவது சம்பந்தர் பதிகம் மனப்பாடமாக இருந்திருக்கும். காலையில் அதை ஓதிவிட்டு மத்தியானம் போய் "எங்கள் ரட்சை" என்று கல்லில் வெட்ட ஒப்புக்கொண்ட அந்த ஆளை எனக்குப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. புராணத்தில் அவருக்கு இடமில்லை. அப்பத்தா கதையிலும் இல்லை. இப்போது நடக்கும் சண்டைகளிலும் அவர் மாதிரி ஆள் டிவிக்கு வருவதில்லை.

இவ குன்றம்

இன்னும் பழைய எழுத்து ஒன்று குகையின் நெற்றிப் பாறையில் இருக்கிறது. மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்கக் காடி வெட்டி, அதன் கீழே எழுதியிருக்கிறார்கள். மதுரை மலைகளில் எல்லாம் இதுதான் முறை. தமிழ்ப் பிராமி, கோடு கோடாக இருக்கும் எழுத்து. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழசு. "இவ குன்றத்து உறையுள்" என்று தொடங்குகிறது. தொடர்ந்து ஏரி அரிதன், அத்துவாயி, அரட்ட காயிபன் என்ற பெயர்கள். இபம் என்றால் யானை. இவ குன்றம், யானைக் குன்றம். இந்த யானைக் குன்றத்தில் தங்குமிடம். அவ்வளவுதான் செய்தி.

அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. என் கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. வேள்வித் தீ மூள்வதற்கு, வேடன் அம்பு தொடுப்பதற்கு, பரஞ்சோதியார் எழுத்தாணி எடுப்பதற்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்பே இது யானைதான். யாரும் ஏவாத யானை. அதன்மேல் படுத்துத் தூங்கிய துறவிகள் அதற்கு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள், அல்லது கீழே மாடு மேய்த்தவர்கள் சொன்ன பெயரைத் தங்கள் பாஷையில் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் ஒத்தக்கடைப் பையன்கள் இன்றைக்கும் புதிதாக வருகிறவனிடம் "அங்க பாரு துதிக்கை" என்று காட்டுவதுபோல, அரிதனிடமும் ஒருவன் காட்டியிருப்பான்.

இந்தத் தங்குமிடங்களுக்கு யார் செலவு செய்தார்கள் என்பதற்கு அழகர்மலையில் நல்ல பட்டியல் கிடைக்கிறது. உப்பு வணிகன், கொழு (கலப்பை இரும்பு) வணிகன், அறுவை (துணி) வணிகன், மதுரைப் பொன்கொல்லன். மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரே வருகிறது. ஊருக்குள் உப்பு விற்றவனும் துணி விற்றவனும் மலையில் இருந்தவர்களுக்குக் கல்லை வழவழப்பாகச் செதுக்கிப் படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் படுக்கைகளைத்தான் பிற்பாடு பஞ்சபாண்டவர் படுக்கை என்றார்கள். வந்து படுத்தவர்கள் யார் என்று மறந்த பிறகு, ஐந்து பேர் படுக்கிற அளவுக்குக் கல் வழவழப்பாக இருந்தால் நம் ஊரில் பாண்டவர்கள் வந்துவிடுவார்கள். நகரமும் மலையும் இப்படித்தான் பழகியிருக்கின்றன: அங்கிருந்து உப்பும் துணியும் மேலே போயின, மேலே இருந்து என்ன கீழே வந்தது என்பதற்குக் கணக்கு இல்லை. தாத்தா இருந்தால் கேட்டிருப்பார்.

குகை நிழலில் உட்கார்ந்தால் மேலூர் ரோட்டு லாரி ஹாரன் லேசாக ஏறி வருகிறது. தூரத்தில் வயல், பிளாட் போட்ட கல், புது வீடுகளின் நீலத் தண்ணீர்த் தொட்டி. மாட்டுத்தாவணிப் பக்கம் புழுதி மூடியிருந்தது. கோபுரம் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், தெரியவில்லை.

சாயங்காலம் வந்தவாசி ஐயாவுக்குப் படங்கள் அனுப்பினேன். பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகை, குகையின் நெற்றி, எல்லாம். கூடவே அந்த ரட்சை வரியை நானே டைப் செய்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அவர்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரவு எட்டு மணிக்குக் குரல் பதிவு வந்தது. இரண்டு நிமிடத்துக்கு மேல் இருந்ததைப் பார்த்து, உருக்கமாக ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நினைத்துத் திறந்தேன். "தம்பி, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்த எழுத்து இருக்கற படம் மசமசன்னு இருக்குங்க. உச்சி வெயில்ல எடுத்தீங்களா? வெயில் சாய்வா விழும்போது எடுத்தாத்தான் வெட்டு நிழல் கட்டி எழுத்து எழும்பும். 'சபையார்'னு நீங்க சொல்ற எடத்துல எனக்கு ரெண்டு எழுத்துதான் தெரியுது. நான் நம்பறேன், ஆனா கண்ணால பாக்கணும் இல்லீங்களா?" மிச்ச ஒன்றரை நிமிடமும் கேமராவை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும், பாறையில் சாக்பீஸ் எதுவும் பூசிவிடக்கூடாது என்ற பாடம்.

மறுநாள் நரசிங்கம் போய்க் காவலுக்கு இருந்த பெரியவரைப் பிடித்து, அந்தப் பாறையில் வெயில் எத்தனை மணிக்குச் சாய்வாக விழும் என்று கேட்டேன். அவர் மலையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "எந்த மாசத்துல?" என்றார்.